ஒரே கணக்கில் பல வலைத்தளங்கள்: பகிர்வு ஹோஸ்டிங்கின் வரலாறு

ஒரு வழங்கிக் கணினியில், ஒரே ஐபி முகவரியில், பல வலைத்தளங்களை வைத்து நடத்தும் முறை பகிர்வு ஹோஸ்டிங் எனப்படுகிறது. இதன் நெருங்கிய வடிவம், ஒருவர் வாங்கிய ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வெவ்வேறு டொமைன் பெயர் கொண்ட பல தளங்களை வைத்துக்கொள்வது. ஒரு கடைக்காரர் தன் கடைக்கு ஒரு தளம், ஊர்க் கோயிலுக்கு ஒரு தளம், மகனின் பள்ளித் திட்டத்துக்கு ஒரு தளம் என மூன்றையும் ஒரே ஆண்டுக் கட்டணத்தில் நடத்த முடிகிறது. இன்று இது மிகச் சாதாரணம். ஆனால் வலையின் முதல் ஆறேழு ஆண்டுகளில் இது வசதியாக அமையவில்லை. அதைச் சாத்தியமாக்கியது உலாவி அனுப்பும் வேண்டுகோளில் புதிதாகச் சேர்ந்த ஒரே ஒரு வரி.

அந்த வரியின் கதையைத் தேனி மாவட்டத்தின் குரங்கணியிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும். போடிநாயக்கனூரிலிருந்து மலையடிவாரத்துக்குச் செல்லும் பாதையின் முடிவில் உள்ள இச்சிற்றூர், பலருடைய சரக்கை ஒரே வழியில் இறக்கும் வேலையை நூறாண்டுக்கு முன்பே பார்த்த பகுதி.

கம்பி வழி இறங்கிய தேயிலை

மூணாறுத் தோட்டங்களின் தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவர 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908இல் அது குறும்பாதை ரயிலாக மாறியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என அறியப்பட்ட அது டாப் ஸ்டேஷனில் நின்றுவிடும். அதற்குக் கீழே செங்குத்தான சரிவு. அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளக் கம்பிவடப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்கு அக்காலத்தில் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். பிறகு மாட்டுவண்டியில் போடி, அதன்பின் ரயில், கப்பல். 1924 பெருவெள்ளம் மேலிருந்த ரயில்பாதையை அழித்தது. குரங்கணியிலிருந்து மலையேறுபவர்கள் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற குடியிருப்பைக் கடந்துதான் டாப் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். கம்பிவடம் போய்விட்டது, நிலையத்தின் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக நிற்கிறது.

பல தோட்டங்களின் தேயிலை ஒரே வழியில் இறங்கும்போது எது யாருடையது என்று கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தேயிலை வணிகத்தில் அதற்கு விடை பழையது. பெட்டியின் மேலேயே தோட்டத்தின் பெயரும் தரமும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்து இல்லாத பெட்டி வந்துசேரும், ஆனால் யாருக்கும் உரியதாக இருக்காது. தொடக்க கால வலையில் உலாவிகள் அனுப்பிய வேண்டுகோள்கள் இப்படிப் பெயர் எழுதாத பெட்டிகளாகவே இருந்தன.

பெயர் உதிர்ந்த வேண்டுகோள்

டிம் பெர்னர்ஸ்-லீ 1990இன் இறுதியில் ஜெனிவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தில் முதல் வலை வழங்கியை இயக்கியபோது அதில் இருந்தது ஒரே தளம். அதன் நெறிமுறையின் முதல் வடிவம் மிக எளியது. உலாவி வழங்கியுடன் இணைந்து, 'இந்தப் பக்கத்தைத் தா' என்று ஒரே வரி அனுப்பும். வழங்கி பக்கத்தைத் தந்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பயனர் தட்டச்சு செய்வது டொமைன் பெயரை. கணினிகள் பேசிக்கொள்வதோ எண்களால் ஆன ஐபி முகவரியில். பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் எனப்படும் பெயர் அட்டவணை. அது எண்ணைத் தந்தவுடன் பெயரின் வேலை முடிந்தது. உலாவி எண்ணுக்கு நேராகப் போய்ப் பக்கத்தைக் கேட்டது. எந்தப் பெயரைத் தேடி வந்தோம் என்பதை வழங்கியிடம் சொல்லவே இல்லை. ஒரு வழங்கியில் ஒரே தளம் இருந்தவரை அதில் குறை எதுவும் தோன்றவில்லை.

1993, 1994 ஆண்டுகளில் வணிக நிறுவனங்கள் வலைக்கு வந்தபோது சிக்கல் வெளிப்பட்டது. இரண்டு நிறுவனங்களின் தளங்களை ஒரே எண்ணில் வைத்தால், முகப்புப் பக்கத்தைக் கேட்டு வரும் வேண்டுகோளுக்கு யாருடைய முகப்பைத் தருவது? வழங்கிக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. ஒரே கணினிக்குப் பல எண்களைச் சூட்டி, எண்ணுக்கு ஒரு தளம் என்று நடத்தினார்கள். ஒரே கட்டடத்துக்கு ஐம்பது கதவெண் வாங்கியதைப் போன்ற ஏற்பாடு இது.

கதவெண்கள் அளவற்றவை அல்ல. அப்போது புழங்கிய நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 இலக்கங்கள் கொண்ட இரும எண். அதில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. தளத்துக்கு ஒன்று எனச் செலவிட்டால் அவை விரைவில் தீரும் என்பது 1990களின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. சிறிய ஊருக்கும் சிறிய மொழிக்கும் இதன் பொருள் வேறு: தனி எண் வேண்டுமென்றால் தனிச் செலவு, செலவு செய்ய முடியாதவர்க்குத் தனிப்பெயரில் தளம் கிடையாது.

ஒரு வரி

தீர்வு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. உலாவி பக்கத்தைக் கேட்கும்போது கூடவே 'ஹோஸ்ட்' என்ற வரியில் தான் தேடி வந்த பெயரையும் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். வழங்கி அந்தப் பெயரைப் படித்து, தன்னிடம் உள்ள பட்டியலில் பார்த்து, உரிய கோப்புறையிலிருந்து பக்கத்தை எடுத்துத் தரும். தேயிலைப் பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரை எழுதியாயிற்று.

1996 மே மாதம் ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணமாக வெளிவந்த எச்டிடிபி 1.0, அதுவரை நடந்துவந்த வழக்கத்தைப் பதிவு செய்தது. அடுத்த பதிப்பான எச்டிடிபி 1.1, 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068 என வெளிவந்தபோது ஹோஸ்ட் வரி கட்டாயமாக்கப்பட்டது. அந்த வரி இல்லாத 1.1 வேண்டுகோளைப் பிழையென்று திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஐபி முகவரிகள் இப்படி வீணாவதை நிறுத்துவதே நோக்கம் என்று ஆவணமே விளக்குகிறது. விதி வரும்வரை உலகம் காத்திருக்கவில்லை. 1995இல் உருவான அப்பாச்சி என்ற இலவச வழங்கி மென்பொருள் 1996லேயே பெயர் பார்த்துத் தளம் பிரிக்கும் வசதியைத் தந்தது. அக்கால உலாவிகளும் ஹோஸ்ட் வரியை அனுப்பத் தொடங்கியிருந்தன.

மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதும் 1996லேயே என்பது தற்செயல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு, விஎஸ்என்எல் வழியாக, அதற்கு ஓராண்டு முன்பு 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியிருந்தது.

ஏதென்ஸ் வட்டாரத்தில் தமிழ்

ஹோஸ்ட் வரி பரவிய காலத்தில், பல தளங்களை ஒரே இடத்தில் வைக்க இன்னொரு வழியும் பெருவழக்காக இருந்தது. பெயரைப் பகிராமல் இடத்தை மட்டும் பகிர்வது. 1994இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இதன் பெரும் எடுத்துக்காட்டு. அங்கே எவரும் இலவசமாகப் பக்கம் வைக்கலாம். ஆனால் பெயர் ஜியோசிட்டீஸுடையது. பொருளுக்கு ஏற்ப வட்டாரங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. கல்வி, தத்துவம் சார்ந்தவை ஏதென்ஸ் வட்டாரத்தில் வரும். வட்டாரத்துக்குள் வீட்டு எண்.

இணையத் தமிழின் முன்னோடிகளில் ஒருவரான கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து நடத்திய தமிழ் மின்நூலகப் பக்கங்கள் ஏதென்ஸ் வட்டாரத்தில் 5180ஆம் எண் முகவரியில் இருந்தன. 1998 பொங்கல் நாளில் அவர் தலைமையில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் இலக்கிய நூல்களை இலவசமாகத் தந்தது. ஒருங்குறி பரவாத காலம் அது. பக்கத்தைப் படிக்கவே தனி எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. அத்தனை இடர்ப்பாட்டுக்கு மேல் இடத்துக்கும் பணம் கட்ட வேண்டுமென்றால் பல தமிழ்ப் பக்கங்கள் பிறந்தே இருக்காது. இலவசப் பகிர்வு இடங்களின் கொடை இது, அதைக் குறைத்துச் சொல்ல இடமில்லை.

ஆனால் கொடைக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. 1999இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று, ஜப்பான் கிளை தவிர மற்ற அனைத்தையும் மூடியது. இணைய ஆவணக் காப்பகமும் தன்னார்வலர்களும் முடிந்ததை நகலெடுத்தார்கள். எனினும் முகவரிகள் அனைத்தும் ஒரே நாளில் செத்தன. மற்றத் தளங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் சுட்டிய இணைப்புகள் வெற்றிடத்தைக் காட்டின. மதுரைத் திட்டம் தப்பியதற்குக் காரணம், அதன் கோப்புகள் ஒரே இடத்தை நம்பி இல்லாததும், பின்னர் தனக்கென ஒரு டொமைன் பெயர் வைத்துக்கொண்டதும். சொந்தப் பெயர் உள்ள தளம் ஒரு வழங்கி மூடினால் இன்னொன்றுக்குக் குடிபோகும். அட்டவணையில் எண்ணை மாற்றினால் போதும், வாசகருக்கு எதுவும் தெரியாது. எண் வீட்டில் குடியிருந்தவர்க்கு அந்த வழி இல்லை.

கட்டுப்பாட்டுப் பலகை

சொந்தப் பெயரும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவர்களுக்கான சந்தை 1990களின் பிற்பகுதியில் உருவானது. வழங்கிக் கணினியை நடத்தும் நிறுவனம் அதை நூற்றுக்கணக்கான கணக்குகளாகப் பிரித்து விற்றது. லினக்ஸ் கட்டளை அறியாதவரும் கணக்கை நடத்த ஒரு கட்டுப்பாட்டுப் பலகை தேவைப்பட்டது. 1996இல் நிக் கோஸ்டன் எழுதிய சிபேனல் அவற்றில் மிகப் பரவியது. மின்னஞ்சல் திறப்பது, தரவுத்தளம் உருவாக்குவது, கோப்பு ஏற்றுவது எல்லாம் பொத்தான்களாக மாறின.

ஒரே கணக்கில் பல தளங்கள் என்பது நடைமுறையில் மூன்று விதமாக அமைகிறது. முதலாவது துணை டொமைன். தளத்தின் பெயருக்கு முன்னே இன்னொரு சொல்லும் புள்ளியும் சேர்த்து, அதற்குத் தனிக் கோப்புறை தருவது. இரண்டாவது மாற்றுப்பெயர். இரண்டு டொமைன்கள் ஒரே தளத்தைக் காட்டும், எழுத்துக்கூட்டல் தவறித் தேடி வருபவரைப் பிடிக்க இது உதவும். மூன்றாவதே பெரிதும் பேசப்படுவது, கூடுதல் டொமைன். முற்றிலும் வேறான பெயர், வேறான தளம், ஆனால் அதே கணக்கு. முதன்மைத் தளத்தின் கோப்புறைக்கு உள்ளேயோ பக்கத்திலோ இன்னொரு கோப்புறை திறந்து, ஹோஸ்ட் வரியில் இந்தப் பெயர் வந்தால் அங்கே போ என்று வழங்கிக்குச் சொல்லிவைப்பார்கள். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்குகளுக்கென்றே பிறந்தவை போல் பொருந்தின. 2010 ஜூனில் வந்த வேர்ட்பிரஸ் 3.0, ஒரே நிறுவலில் பல தளங்கள் நடத்தும் வசதியையும் உள்ளே கொண்டுவந்தது.

விற்பனைப் போட்டியில் 'அளவற்ற தளங்கள், அளவற்ற இடம்' என்ற விளம்பரம் வழக்கமானது. அளவற்ற இடம் கொண்ட வட்டு உலகில் இல்லை. பெரும்பாலோர் வாங்கியதில் சிறு பகுதியையே பயன்படுத்துவார்கள் என்ற கணக்கில் விற்பது அது. ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் செயலி நேரத்துக்கும் வரம்பு இருக்கும். மூன்றாவது நான்காவது தளம் சேர்ந்து, அதில் ஒன்று திடீரெனப் பலரால் படிக்கப்படும் நாளில்தான் அந்த வரம்பு வாங்கியவர் கண்ணில் படும். அன்று நிற்பது அந்த ஒரு தளம் மட்டுமல்ல, கணக்கிலுள்ள அனைத்தும்.

அண்டை வீட்டார்

பகிர்வின் விலை இதுவே. இடத்தைப் பகிர்பவர்கள் விதியையும் பகிர்கிறார்கள். இந்திய வாசகர்கள் இதை இரண்டு முறை நேரடியாக அனுபவித்தார்கள்.

2003 செப்டம்பரில் மேகாலயாவின் தடைசெய்யப்பட்ட அமைப்பு ஒன்றோடு தொடர்புடைய ஒரு யாகூ குழுமத்தை முடக்கும்படி இந்திய அரசு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு குழுமத்தை மட்டும் தனியே அடைக்கும் வசதி நிறுவனங்களிடம் இல்லை. ஆகவே யாகூ குழுமங்களின் முழு முகவரியையும் அடைத்தார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற தமிழ் மடற்குழுக்கள் இருந்ததும் அதே முகவரியில்தான். கவிதையும் இலக்கணமும் பேசிக்கொண்டிருந்தவர்கள், பெயரே கேள்விப்படாத ஒரு குழுமத்துக்காகக் கதவடைபட்டார்கள்.

2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின்னும் இதுவே நடந்தது. சில பக்கங்களை அடைக்கச் சொன்ன உத்தரவு, பிளாக்ஸ்பாட், ஜியோசிட்டீஸ் போன்ற முழு டொமைன்களின் முடக்கமாக முடிந்தது. தமிழ் வலைப்பதிவுகள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. எதிர்ப்பு எழுந்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் அடைக்குமாறு விளக்கம் வந்த பிறகே நிலைமை சீரானது.

அரசு அடைக்காவிட்டாலும் அண்டை வீட்டால் கெடுவதுண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால், அந்த எண் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து, மற்ற அனைவரின் மின்னஞ்சலும் திரும்பி வரும். ஒரே கணக்கில் இருக்கும் தளங்களிடையே ஆபத்து இதைவிடக் கூர்மையானது. வெவ்வேறு கணக்குகளுக்கு இடையே இயங்குதளம் சுவர் எழுப்புகிறது. ஒருவர் கோப்பை மற்றவர் திறக்க முடியாது. ஒரே கணக்கின் தளங்களுக்கு இடையே அந்தச் சுவர் இல்லை. எல்லாக் கோப்பும் ஒரே பயனருக்கு உரியவை. 2011 ஆகஸ்டில் டிம்தம்ப் என்ற சிறு படம் சுருக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது இது பரவலாக உறைத்தது. எத்தனையோ வேர்ட்பிரஸ் வார்ப்புருக்களுக்குள் அந்த நிரல் ஒளிந்திருந்தது. புதுப்பித்துப் பேணிய முதன்மைத் தளம் பத்திரமாக இருந்தாலும், இரண்டாண்டுக்கு முன் ஒரு விழாவுக்காகத் திறந்து மறந்துவிட்ட தளம் அதே கணக்கில் கிடந்தால் திருடன் அதன் வழியே நுழைந்து எல்லா அறைக்கும் போகலாம்.

பூட்டின் தயக்கம்

ஹோஸ்ட் வரி தீர்த்த சிக்கல், பாதுகாப்பான இணைப்பில் மீண்டும் தலைதூக்கியது. எச்டிடிபிஎஸ் இணைப்பில் வழங்கி முதலில் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதன் பிறகே பேச்சு மறையாக்கப்பட்டு, ஹோஸ்ட் வரி வரும். பெயர் தெரிவதற்கு முன்பே யாருடைய சான்றிதழைக் காட்டுவது? பெயர் எழுதாத பெட்டி மறுபடியும் வந்து நின்றது. எனவே பூட்டு வேண்டும் தளத்துக்குத் தனி ஐபி முகவரி என்ற பழைய முறையே தொடர்ந்தது.

2003 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 3546 இதற்கு விடை தந்தது. கைகுலுக்கலின் முதல் செய்தியிலேயே பெயரைச் சொல்லிவிடும் நீட்சி அது, எஸ்என்ஐ என அழைக்கப்படுகிறது. விடை இருந்தும் பத்தாண்டுக்கு மேல் அதை நம்பி யாரும் கடை விரிக்கவில்லை. காரணம் விண்டோஸ் எக்ஸ்பி. அதில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எந்தப் பதிப்பானாலும் எஸ்என்ஐ அறியாது. இந்திய அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் எக்ஸ்பி கணினிகளே நிறைந்திருந்தன. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இதற்கிடையே 2011 பிப்ரவரியில் ஐபி முகவரிகளின் உலகத் தொகுப்பும் தீர்ந்துபோயிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலை முதல் பூட்டில்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என குரோம் உலாவி குறித்தது. அதற்குள் மலிவான பகிர்வுக் கணக்கிலிருந்த தளமும் காசு கொடாமல் பூட்டுப் போட்டுக்கொள்ள முடிந்தது.

விக்கித் திட்டங்கள் இந்த முறையின் நேர்த்தியான பெருவடிவம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், விக்சனரியும், விக்கிமூலமும் பயனருக்குத் தனித்தனித் தளங்கள். உள்ளே அவை ஒரே மீடியாவிக்கி நிரலால் இயங்குகின்றன. வேண்டுகோளில் வரும் பெயரைப் பார்த்து எந்தத் தரவுத்தளத்தைத் திறப்பது என்று நிரல் முடிவு செய்கிறது. நூற்றுக்கணக்கான மொழிகள் இப்படி ஒரே குடும்பமாக வாழ்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவுக்காகச் சரிசெய்யும் ஓட்டை அதே சமயத்தில் தமிழுக்கும் சரியாகிறது. ஒரு கணக்கில் பல தளங்கள் என்பதன் ஆபத்தை வரமாக மாற்றுவது, பொறுப்பாகக் கவனிக்க ஆள் இருப்பதுதான்.

மாவட்டத் தளங்களும் போடியும்

அரசுத் தளங்களின் வரலாறும் இதே திசையில் சென்றது. 1976இல் அமைக்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம், நாடெங்கும் மாவட்ட அலுவலகங்களை வைத்திருந்தது. மாவட்டத் தளங்கள் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத தோற்றத்தில் இருந்தன. சில நன்றாக இருந்தன, பல ஆட்சியர் மாறி ஆண்டுகள் ஆன பிறகும் பழைய படத்தையே காட்டின. பின்னர் அம்மையம் எஸ்3வாஸ் என்ற பொது மேடையை உருவாக்கி மாவட்டத் தளங்களை அதற்கு மாற்றியது. 'சேவையாக வலைத்தளம்' என்பது அதன் கருத்து. தேனி மாவட்டத் தளத்துக்குத் தனிப் பெயர் உண்டு, மதுரைக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் வார்ப்புருவும் பாதுகாப்பும் அடியில் இருக்கும் மேகக் கணினியும் பொது. உள்ளடக்கம் மட்டும் மாவட்டத்தின் பொறுப்பு.

போடிநாயக்கனூர் நகராட்சி வேறு முறையில் உள்ளது. தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கான பொதுத் தளத்தின் பெயருக்குப் பின்னே ஒரு சாய்கோடும் ஊர்ப்பெயரும் சேர்ந்ததே அதன் முகவரி. ஜியோசிட்டீஸ் காலத்து வட்டாரமும் வீட்டு எண்ணும் போன்ற அமைப்பு இது. அரசே நடத்துவதால் மூடிவிடுவார்கள் என்ற அச்சம் குறைவு. ஆனால் மேல் தளத்தின் பெயர் மாறினால் கீழுள்ள ஒவ்வோர் ஊரின் இணைப்பும் மாறும்.

போடியின் ஏலக்காய்ச் சந்தையையும் இந்த வரிசையில் சேர்த்துப் பார்க்கலாம். நறுமணப் பொருள் வாரியம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் மின்-ஏல மையங்களை நடத்துகிறது. கூடம் வாரியத்துடையது. ஏலம் நடத்துவோர் வாரியத்தின் உரிமம் பெற்ற வெவ்வேறு நிறுவனங்கள், தத்தம் நாளில் வருகிறார்கள். விவசாயியின் காய் லாட் எண்ணால் மட்டுமே அடையாளம் பெறுகிறது. 2021இல் இரு மையங்களும் மேகக் கணினி வழியே இணைக்கப்பட்டு, ஓரிடத்தில் இருக்கும் வியாபாரி மற்ற இடத்து ஏலத்திலும் விலை கேட்க முடிந்தது. மலையில் விளைந்த காயை விற்கும் விவசாயிக்குக் கேட்பவர் எண்ணிக்கை கூடுவது லாபம். கணினி அமைப்பு தடைப்பட்டால் இரண்டு ஊரிலும் ஏலம் சேர்ந்து நிற்கும் என்பது அதே பகிர்வின் மறுபக்கம்.

குரங்கணியின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது ஒரு துயரத்தால். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அனுமதி யார் தர வேண்டும், எந்தப் பாதைக்கு உண்டு, எந்தப் பருவத்தில் மூடப்படும் என்ற கேள்விகள் எழுந்தன. தனியார் பயண அமைப்பாளர்கள் பலர் தத்தம் தளங்களில் பயணங்களை அறிவித்துவந்த காலம் அது. ஒரு பாதை மூடப்பட்டதை அத்தனை தளங்களும் ஒரே நாளில் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டபோது 14 மாவட்டங்களின் 40 தடங்கள் ஒரே தளத்தில், ஒரே முன்பதிவு முறையில் வைக்கப்பட்டன. குரங்கணி–சாம்பலாறு தடமும் அவற்றில் ஒன்று. மாவட்டத்துக்கு ஒரு தளம் என்று பிரித்திருந்தால் ஒவ்வொன்றையும் தனியே புதுப்பிக்க வேண்டியிருக்கும். காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடும் அறிவிப்பு இப்போது ஓரிடத்தில் வருகிறது. அந்த அறிவிப்பு வந்தபின் நாற்பதில் எந்தத் தடத்துக்கும் பதிவு செய்ய வழியில்லை.